கையெழுத்து ஒருவருடையது, வயர் இழுத்தவர் வேறொருவர்: பெங்களூரின் வாடகை லைசென்ஸ்

பெங்களூரில் புது வீட்டுக்கு மின் இணைப்பு கேட்டு, மின்சாரம் வழங்கும் பெஸ்காம் நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கும்போது, வீட்டுப் பத்திரங்களோடு இன்னொரு தாளும் சேர்ந்து போகும். வயரிங் முடிந்தது, சோதித்துப் பார்த்தாயிற்று, மின்சாரம் கொடுக்கலாம் என்று லைசென்ஸ் பெற்ற மின் கான்ட்ராக்டர் கையெழுத்திட்ட வேலை முடிப்புச் சான்று அது. சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று பெஸ்காம் ஊழியர் உடைத்துப் பார்க்கப் போவதில்லை. அரசின் மின் ஆய்வாளரும் சாதாரண வீட்டுக்கு வருவதில்லை. அங்கே குடியேறப் போகிறவர்களுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே சட்டம் நிறுத்தியிருக்கும் காவல் அந்த ஒரு கையெழுத்துதான். அது விலைக்குக் கிடைக்கிறது என்பது இந்த நகரில் கட்டட வேலையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

நடக்கும் விதம் இதுதான். ஸ்ரீராமபுரத்திலோ லிங்கராஜபுரத்திலோ ஈஜிபுராவிலோ முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் வீடு கட்டுகிறவர் லைசென்ஸ் கான்ட்ராக்டரைத் தேடிப் போவதில்லை. "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான் சார், சுத்தமா செய்வான்" என்று மேஸ்திரி கூட்டிவரும் எலக்ட்ரீசியனிடம் பாயின்ட்டுக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பார். அந்த எலக்ட்ரீசியன் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக்காரராக இருப்பார். கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இரவு திரும்புகிறவராகவும் இருக்கலாம். சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, வயர் இழுப்பது, சர்க்யூட்டுகள் பிரியும் டிபி பாக்ஸ் கட்டுவது எல்லாம் அவரும் இரண்டு உதவியாட்களும்தான். பொருட்கள் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டிலிருந்து வந்துவிடும். பெயின்ட் அடிக்கும் கட்டத்தில் மீட்டர் பேச்சு எழும். "அதுக்கு ஒரு கான்ட்ராக்டர் இருக்காருண்ணா, பேப்பரெல்லாம் அவர் போட்டுக் குடுத்துடுவாரு" என்பார் எலக்ட்ரீசியன். எங்கோ ஓர் ஆபீசில் வரைபடம், லோடு கணக்கு, சோதனை அளவுகள், முத்திரை எல்லாம் தயாராகும். கையெழுத்துப் போட்டவர் அந்த வீட்டு வாசலை மிதித்திருக்க மாட்டார்.

யாரும் புகார் கொடுப்பதில்லை. வீட்டுக்காரருக்கு வேலை மலிவாக முடிந்தது. எலக்ட்ரீசியனுக்குக் கூலி கிடைத்தது. கான்ட்ராக்டருக்கு உட்கார்ந்த இடத்தில் வருமானம். இழப்பு என்றாவது வரப்போகிறது, அது யாருக்கு வரும் என்பதும் தெரியாது. பெரும்பாலும் அந்த வீட்டில் அடுத்து வாடகைக்கு வருகிறவர்களுக்கு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-ஆவது விதி ஒரு மூன்றடுக்கு ஏற்பாட்டை வகுத்தது. மின் அமைப்பு வேலை எதையும் மாநில அரசின் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டர்தான் எடுத்துச் செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் நேரடியாக மேற்பார்க்க வேண்டும். வேலையில் கை வைப்பவரிடம் மாநில அரசு வழங்கிய, அல்லது அது ஏற்றுக்கொண்ட அனுமதி இருக்க வேண்டும். 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும், அவற்றின் இடத்தில் 2023-இல் வந்த புதிய ஒழுங்குமுறைகளும் இதே ஏற்பாட்டைத் தொடர்கின்றன. விலக்கு சின்னதுதான்: பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச், வீட்டுச் சாதனம் போன்றவற்றை, அமைப்பின் திறனோ தன்மையோ மாறாதபடி மாற்றிக்கொள்ளலாம். புதிதாக ஒரு ஏசி பாயின்ட் இழுப்பது இந்த விலக்கில் வராது. இந்த முறைப்படி செய்யப்படாத வேலைக்கு மின்சாரமே கொடுக்கக் கூடாது என்பதும் அதே ஒழுங்குமுறையில் இருக்கிறது.

கர்நாடகத்தில் லைசென்ஸ் கொடுப்பதும் அதைப் பறிப்பதும் மின் ஆய்வுத் துறையின் வேலை. பதினைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்கு ஒழுங்குமுறை தனி நிபந்தனைகள் விதிக்கிறது, அங்கே ஆய்வாளரின் கண் படும். அதற்குக் கீழே இருக்கும் வீடுகள் முழுக்கக் கான்ட்ராக்டரின் பொறுப்பில் விடப்பட்டவை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஆய்வாளரை அனுப்ப அரசால் முடியாது. அதனால்தான் தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைத் தனியார் ஒருவரின் கையில் கொடுத்து, உன் சொல்லை நம்புகிறேன் என்கிறது. லைசென்ஸை வாடகைக்கு விடுகிறவர் தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை விற்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான்.

கையெழுத்துப் போட்டவர் நேரில் வராமல் போனால் அப்படி என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. "இருபது வருஷமா கை வைக்கிறேன், ஒரு ஷாக் அடிச்சதில்ல" என்று சொல்லும் எலக்ட்ரீசியன்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலர் உண்மையிலேயே கைதேர்ந்தவர்கள். ஆனால் வயரிங்கில் ஆபத்தான பிழைகள் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் தெரிவதில்லை. எர்த் வயர் டிபி பாக்ஸ் வரை வந்து, அங்கிருந்து மண்ணுக்குப் போகாமலே நின்றிருக்கும். விளக்கு எரியும், கீசர் சுடும், எல்லாம் சரியாக ஓடும். கீசருக்குள் ஒருநாள் சுருள் வெடித்துக் கசிவு தொடங்கும்போதுதான் அந்த எர்த் தேவைப்படும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஓடும் சர்க்யூட்டுக்கு, அடிக்கடி டிரிப் ஆகிறது என்பதற்காக, யாரோ 32 ஆம்பியர் எம்சிபி (லோடு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) மாட்டியிருப்பார்கள். அதற்குப் பிறகு டிரிப் ஆகாது. லோடு ஏறினால் எம்சிபி விழுவதற்கு முன்னால் சுவருக்குள் வயரின் தோல் உருகும்.

ஆர்சிசிபி கதை இன்னும் வேதனையானது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காக்கும் கருவி அது. இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரலை எங்கோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கலந்துவிட்டால், ஆர்சிசிபி மாட்டியதும் சும்மா சும்மா விழும். கலந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பாக்ஸாகத் திறக்க வேண்டும், அரை நாள் வேலை. பெயின்ட் முடிந்த வீட்டில் அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. "இது ரொம்ப சென்சிடிவ் சார், எடுத்துடலாம்" என்று கருவியையே கழற்றிவிடுவார்கள். நேரில் வந்து மெக்கர் என்ற சோதனைக் கருவியை வைத்து வயரின் இன்சுலேஷனையும், மீட்டரை வைத்து எர்த்தையும், ஒவ்வொரு சர்க்யூட்டாக நியூட்ரலையும் பார்க்கும் மேற்பார்வையாளர் இந்த மூன்று பிழைகளையும் ஒரே வருகையில் பிடித்துவிடுவார். மேற்பார்வை என்று சட்டம் சொல்வது இந்தச் சில மணி நேர வேலையைத்தான். நாட்டில் மின்சாரம் தாக்கி இறப்பவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு 12,000-ஐத் தாண்டுகிறது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டுக் கணக்குகள் சொல்கின்றன. அதில் வயல்வெளியில் அறுந்து விழுந்த கம்பிகளும் உண்டு, வீட்டுச் சுவர்களும் உண்டு.

இனி, யாரை எதற்காகத் தண்டிப்பது என்ற கேள்வி. லைசென்ஸ் இல்லாதவரை வேலைக்கு வைப்பதெல்லாம் குற்றமா? உதவியாளாகச் சுவர் வெட்டும் பையனிடம் சான்றிதழ் கேட்பது நியாயமில்லை. தொழில் கற்பவர்கள் யாரோ ஒருவருக்குக் கீழேதான் கற்க முடியும். கான்ட்ராக்டரே வேலையை ஒப்புக்கொண்டு, கூலி கொடுத்து, தன் மேற்பார்வையாளரை அனுப்பி, அனுமதி பெற்ற வயர்மேனோடு இரண்டு கற்றுக்குட்டிகளையும் வேலையில் விட்டிருந்தால் அது தொழில் நடத்துவது. வேலையை ஒப்புக்கொண்டவர் வேறு, விலை பேசியவர் வேறு, பணம் வாங்கியவர் வேறு, கையெழுத்து மட்டும் தன்னுடையது என்றால் அது விற்பனை. இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் ஒழுங்கு நடவடிக்கை நேர்மையான கான்ட்ராக்டரை அச்சுறுத்தும். கையெழுத்து வியாபாரி வழக்கம்போலத் தப்பிவிடுவார்.

இந்த வேறுபாட்டை அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் சட்ட வாசகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. அங்கே கான்ட்ராக்டர்களுக்கான லைசென்ஸ் வாரியம் 1929-இலிருந்து இருக்கிறது. வணிக, தொழில்முறைச் சட்டத் தொகுப்பின் 7114-ஆவது பிரிவின்படி, லைசென்ஸ் இல்லாதவர் சட்டத்தை ஏமாற்ற உதவுவதும், அவரோடு கூட்டுச் சேர்வதும், தன் லைசென்ஸை அவர் பயன்படுத்த விடுவதும், அந்த நோக்கத்தோடு அவருக்குப் பங்காளியாகவோ முகவராகவோ நடிப்பதும் ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றங்கள். வேலை நன்றாக இருந்ததா, விபத்து நடந்ததா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை; உதவியதே போதும். நிறுவனத்தின் சார்பில் தகுதி காட்டியவர் வேலையை நேரடியாக மேற்பார்க்க வேண்டும் என்று தனியாக இன்னொரு பிரிவும் உண்டு. 7031-ஆவது பிரிவோ லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு வழக்குப் போடவே முடியாது என்கிறது. கொடுத்த பணத்தை வாடிக்கையாளர் திரும்பவும் கேட்கலாம். முதல் இரண்டும் இங்கே அப்படியே வேண்டும். மூன்றாவதை நான் பெங்களூருக்குக் கேட்க மாட்டேன். கூலி தராமல் இழுத்தடிக்க வீட்டுக்காரர்களுக்கு ஏற்கெனவே ஆயிரம் சாக்கு இருக்கும் ஊரில், பாயின்ட்டுக்கு வேலை செய்து பிழைப்பவரின் தலையில்தான் அது விழும்.

இந்தியச் சட்டத்திலும் பிடிமானங்கள் இருக்கின்றன. எந்தத் தொழிலையும் செய்யும் உரிமையைக் கொடுக்கும் அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்புதான், அதற்குத் தேவையான தொழில்நுட்பத் தகுதியை அரசு சட்டத்தால் வரையறுக்கலாம் என்றும் சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23-ஆவது பிரிவில், ஒரு சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிக்கும் உடன்பாடு செல்லாது என்கிறது; ஆகவே கையெழுத்துக்காகப் பேசிய பணத்தை நீதிமன்றத்தில் போய் வசூலிக்க முடியாது. விபத்தில் உயிர் போனால், மின்சாரச் சட்டத்தின் 161-ஆவது பிரிவின்படி ஆய்வாளர் விசாரிக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவின்படி அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. மருந்துக் கடைகளில் படித்தவரின் சான்றிதழ் சுவரிலும் படிக்காதவர் கல்லாவிலும் இருக்கும் பழக்கமும் இதே நோய்தான்; 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம் அதைத் தடுக்கப் பார்க்கிறது.

லைசென்ஸைப் பறிப்பது ஒருவரின் பிழைப்பைப் பறிப்பது. அதனால் அதற்கு முறை வேண்டும், இதில் நீதிமன்றங்கள் கண்டிப்பாக இருக்கின்றன. அரசு ஒருவரைக் கருப்புப் பட்டியலில் வைக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று எருசியன் எக்விப்மென்ட் வழக்கில் 1974-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்லி அரசு சம்பந்தப்பட்ட கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் 2014-இல் இன்னும் ஒரு படி போய், என்ன தண்டனை கொடுக்க உத்தேசம் என்பதும் நோட்டீஸிலிருந்து தெரிய வேண்டும் என்றது. லைசென்ஸ் ரத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். 'ஏன் உங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று ஒற்றை வரி நோட்டீஸ் அனுப்பி, பதிலைப் படிக்காமல் ரத்து செய்தால் மேல்முறையீட்டில் அது நிற்காது. குற்றச்சாட்டு எந்த வீடு, எந்தத் தேதி, எந்தச் சான்று என்று இருக்க வேண்டும்; பதில் சொல்ல அவகாசம் வேண்டும்; உத்தரவில் காரணம் வேண்டும். ஆனால் குற்ற வழக்குபோலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் அவசியம் இங்கே இல்லை. நடந்திருக்கக்கூடியது எது என்பதைச் சான்றுகளை எடைபோட்டுச் சொன்னால் போதும்.

அந்தச் சான்றுகளைத் தேடி வெயிலில் அலைய வேண்டியதில்லை, பெரும்பகுதி ஆபீஸ் அலமாரியிலேயே கிடக்கிறது. ஒரே மேற்பார்வையாளரின் பெயரில் ஒரே நாளில் நகரின் வடக்கே எலஹங்காவிலும் தெற்கே பொம்மனஹள்ளியிலும் வேலை முடிப்புச் சான்று வந்திருக்கும். இந்த ஊர்ப் போக்குவரத்தில் அவர் இரண்டு வீட்டையும் சோதித்திருக்க முடியாது. வேறு வேறு அளவுள்ள பத்து வீடுகளில் இன்சுலேஷன் அளவும் எர்த் அளவும் ஒரே எண்ணாக எழுதப்பட்டிருக்கும். உண்மையில் அளந்தால் அப்படி வருவது அபூர்வம். வீட்டுக்காரரிடம் யாருக்குப் பணம் அனுப்பினீர்கள் என்று கேட்டால் யுபிஐ விவரம் வரும், அதில் கான்ட்ராக்டர் பெயர் இருக்காது. மேற்பார்வையாளர் என் ஊழியர் என்கிறவரிடம் சம்பளப் பதிவேட்டைக் கேட்கலாம். மெக்கரைக் காட்டச் சொல்லலாம். இவ்வளவும் விபத்து நடப்பதற்கு முன்பே செய்யக்கூடியவை. இப்போது விசாரணை பெரும்பாலும் ஓர் உயிர் போன பிறகு தொடங்குகிறது. அதற்குள் எலக்ட்ரீசியன் ஊருக்குப் போயிருப்பார், போனதே அவர் குற்றத்துக்குச் சான்றாகிவிடும்.

எலக்ட்ரீசியன் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரி கொடுத்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்தது கோலார் தங்கவயலுக்கு. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டதும், அவர்கள் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். மாமாவோடு போய், அண்ணனோடு போய், வயர் இழுக்கக் கற்றவர்கள் அவர்களில் உண்டு. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் கூலிக்கு வந்தவருக்கு இரண்டு வருடம் சம்பளமில்லாமல் உட்கார வசதி ஏது? அனுமதி வாங்காமலே வேலை ஓடுகிறது, கையெழுத்து விலைக்குக் கிடைக்கிறது என்னும்போது அந்தக் கஷ்டத்தை ஏன் படுவார்? வாடகை லைசென்ஸ் அவருக்கு உதவி போலத் தெரியும். உண்மையில் அவரை ஆயுளுக்கும் அனுமதி இல்லாதவராக, பேரம் பேச முடியாதவராக, விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவராக வைத்திருப்பது அதுதான்.

தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. களத்தில் வேலை பார்த்த அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொண்டு எழுத விடும் தேர்வு அது. பெங்களூருக்குப் புறப்படும் முன் அதை எழுதி முடிப்பவர்கள் இன்னும் கூட வேண்டும். பிற மாநில அனுமதியைக் கர்நாடகம் ஏற்றுக்கொள்வதற்கு ஒழுங்குமுறையிலேயே இடம் இருக்கிறது, 'வழங்கிய அல்லது ஏற்றுக்கொண்ட' என்ற சொற்கள் இருப்பது அதற்குத்தான். கையெழுத்து விற்பவர்களைக் கடுமையாகப் பிடிக்கும் அதே ஆண்டில், அனுபவசாலிகளுக்கு இந்தக் கதவையும் அகலத் திறக்க வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் கையெழுத்தின் விலை ஏறும், அவ்வளவுதான்.

விலை ஏற வேறொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. அனுமதியை மீறிக் கட்டிய கட்டடம் பற்றிய ஒரு வழக்கில், கட்டடங்களுக்கு மின்சாரம், தண்ணீர் போன்ற வசதிகள் வேலை முடிப்பு அல்லது குடிபுகு சான்று (ஓசி) இருந்தால்தான் என்று 2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஓசி இல்லாத வீடுகள் நிறைந்த பெங்களூரில் அடுத்த ஆண்டு இணைப்புகள் தேங்கின. சிறிய மனைகளுக்கு மாநில அரசு விலக்கு அளிக்க வேண்டியதாயிற்று. காகிதம் அரிதாகும் ஊரில் காகிதம் வாங்கித் தருகிறவர் பெரிய ஆளாகிவிடுவார். தீர்ப்பின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் இந்த நெருக்கடியில்தான் லைசென்ஸ்காரர்கள் மீது கண்காணிப்பு கூட வேண்டும்.

வீடு கட்டுகிறவர் தன் பங்குக்குச் செய்யக்கூடியது சுவர் பூசுவதற்கு முன்பே தொடங்குகிறது. எலக்ட்ரீசியனிடம் விலை பேசும்போதே, "யார் பேர்ல கம்ப்ளீஷன் வரும்? அவரை ஒரு தடவை பைப் போடும்போதும், ஒரு தடவை டெஸ்டுக்கும் கூட்டிட்டு வாங்க தம்பி, அதுக்கு ஆகுறத நானே குடுத்துடறேன்" என்று சொல்லிவிடலாம். சோதனை அளவுகளைத் தன் கண்முன் எடுக்கச் சொல்லி, சான்றின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஏமாற்றப்பட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். போலிச் சான்று என்று தெரிந்தே வாங்கியவருக்கு அந்த வழி குறுகிவிடும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

தண்டனையில் படிகள் இருப்பது நல்லது. மேற்பார்வையில் ஒருமுறை தவறியவருக்கு எச்சரிக்கையோ சில மாத நிறுத்தமோ போதும். வியாபாரமாகவே நடத்தியவருக்கு ரத்து, கூடவே கையெழுத்துக்குத் துணைபோன மேற்பார்வையாளரின் தகுதிச் சான்றும் போக வேண்டும்; இல்லையென்றால் மனைவி பேரிலோ மச்சான் பேரிலோ அடுத்த லைசென்ஸ் வாங்கி அதே மேற்பார்வையாளரை வைத்து அதே கடை திறக்கும். நிறுத்தப்பட்டவர்கள் பட்டியல் கன்னடத்திலும் தமிழ், உருது, இந்தியிலும் வெளியாக வேண்டும்.

ரத்து உத்தரவோடு கோப்பை மூடிவிடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. லைசென்ஸ் போன அன்றும், அந்தக் கையெழுத்தை நம்பி மின்சாரம் கொடுக்கப்பட்ட வீடுகளில் அதே வயரும் அதே எர்த்தும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு இணைப்புக்கும் பெஸ்காமிடம் ஆர்ஆர் நம்பர் என்ற இணைப்பு எண் இருக்கிறது, அதன் விண்ணப்பத்தில் கான்ட்ராக்டரின் லைசென்ஸ் எண் இருக்கிறது. ரத்தானவரின் எண்ணைப் போட்டுத் தேடி, கடந்த ஐந்து ஆண்டில் அவர் கையெழுத்திட்ட வீடுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் மறுசோதனைக்கு ஆள் அனுப்ப வேண்டும். அந்தச் செலவை அவரிடமிருந்தே வசூலிக்க வகை செய்ய வேண்டும். ஒரு வீட்டுக்கு மெக்கரோடு போனால் இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே இப்போது குடியிருப்பவர்களுக்கு, அந்தக் கையெழுத்தைப் போட்டவர் யாரென்றே தெரியாது.